ஊரும் பட்டமும்: செங்கல்பட்டுச் சீமையில் குடும்பப் பெயர்களின் தடம்

தலைமுறைதோறும் மாறாமல் இறங்கிவரும் குடும்பப் பெயர் என்ற வழக்கம் தமிழ்க் குடிகளில் பெரும்பாலானவற்றிடம் இருந்ததில்லை. ஆயினும் ஒருவர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை அவர் பெயரைக் கொண்டே அறிந்துகொள்ள இங்கே ஒரு முறை இருந்தது. நாடக ஆசிரியர் பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியாரின் (1873–1964) பெயர் அம்முறைக்கு நல்ல சான்றாகும். பம்மல் என்பது குடும்பத்தின் பூர்விக ஊர். விஜயரங்கம் என்பது தந்தையார் பெயர். சம்பந்தம் அவருக்கு இடப்பட்ட பெயர். முதலியார் என்பது சாதியைக் காட்டும் பட்டம். இந்நான்கில் இட்ட பெயர் ஒரு வாழ்நாளோடும் தந்தை பெயர் அடுத்த தலைமுறையோடும் முடிந்துபோக, முதலிலுள்ள ஊரும் இறுதியிலுள்ள பட்டமுமே பாட்டனிடமிருந்து பேரனுக்கும் அவன் பேரனுக்கும் செல்லக்கூடியவை. செங்கல்பட்டுச் சீமையில் ஒரு குடும்பத்தின் தடத்தைப் பின்தொடர முயல்பவர் பற்றிக்கொள்ள வேண்டிய இழைகள் இவை இரண்டுதான். கடந்த இருநூறு ஆண்டுகளில் இவ்விரண்டும் வெவ்வேறு காரணங்களால் வெவ்வேறு இடங்களில் அறுந்தன.

எல்லையும் எழுத்தும் மாறும்போது பெயருக்கு என்ன நேரும் என்பதற்கு ஐரோப்பாவில் வழக்கமாகக் காட்டப்படும் நாடு போலந்து. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகள் அந்நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு, ஒரே வமிசத்தின் கிளைகள் பிரஷ்யப் பகுதியில் ஜெர்மன் எழுத்துக்கூட்டலிலும், ஆஸ்திரியாவின் கலீசியாவில் கோயில் பதிவேடுகளின் லத்தீன் வடிவிலும், ரஷ்யப் பகுதியில் 1868க்குப் பின் ரஷ்ய எழுத்திலும் பதிவாயின. அங்கே தேடுபவருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கையில் இருக்கிறது. அதன் உருவம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. செங்கல்பட்டில் நிலைமை நேர்மாறானது. ஆளின் பெயர் தலைமுறைக்கு ஒருமுறை புதிதாகிவிடுவதால், ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கருதித் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஊர்ப் பெயரோ எழுத்துக்கூட்டலும் மாவட்டமும் மாறிமாறி வந்திருக்கிறது.

ஊரால் ஆளைச் சுட்டும் வழக்கம் மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலமுடையோர் இன்ன ஊர் கிழான், இன்ன ஊர் உடையான் என்றே குறிக்கப்படுகின்றனர். கிழான், உடையான் என்ற இரு சொற்களும் உரிமையாளனைக் குறிப்பவை. அந்த ஊரும் தனியே நிற்பதில்லை. தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகவும் 79 நாடுகளாகவும் பகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு; கோட்டம் என்பது பல நாடுகளும், நாடு என்பது பல ஊர்களும் அடங்கிய பிரிவு. மாமல்லபுரம் ஆமூர்க் கோட்டத்திலும், திருக்கழுக்குன்றம் களத்தூர்க் கோட்டத்திலும், சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்திலும் அடங்கியிருந்தன. முதலாம் இராசராசன் காலத்தில் தொண்டை மண்டலமே ஜெயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயர் மாற்றம் பெற்றபோதும் கோட்டங்களின் பெயர்கள் அப்படியே தொடர்ந்தன. மேலே அரசு மாறினாலும் கீழே ஊரின் அடையாளம் குலையாதிருந்த அந்த அமைப்பைப் பிற்கால மாவட்ட நிர்வாகத்தோடு ஒப்பிட்டால், பின்னதுதான் நிலையற்றதாகத் தெரிகிறது.

1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி சென்னையைச் சூழ்ந்த நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவித்துக்கொள்ளும் உரிமையோடு, வழங்கினார். 1765இல் முகலாயப் பேரரசர் அதனை உறுதி செய்தார். அப்பகுதியே பின்னர்ச் செங்கல்பட்டு மாவட்டம் ஆயிற்று. கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767க்கும் 1774க்கும் இடையில் ஏறத்தாழ 2,000 ஊர்களை ஆராய்ந்து, நிலம், ஏரி, வீடுகள், எந்தக் குடிக்கு என்ன மானியம் என்பதையெல்லாம் பதிவு செய்வித்தார். ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய அந்த ஓலைக் கணக்குகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துக்கு மாறுவதற்கு முன் எவ்வாறு எழுதப்பட்டன என்பதை அறிய இவற்றைவிட நெருக்கமான சான்று அரிது.

மாவட்டத்தின் பெயர் செங்கல்பட்டாக இருந்தும் அதன் தலைமையிடம் நெடுங்காலம் வேறிடங்களிலேயே இருந்தது. 1859 முதல் சைதாப்பேட்டையிலும் 1968 முதல் காஞ்சிபுரத்திலும் ஆட்சியர் அலுவலகம் இயங்கியது. 1997 ஜூலை 1 அன்று மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது செங்கல்பட்டு என்ற பெயரே மாவட்டப் பட்டியலிலிருந்து மறைந்தது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே பம்மல் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைப் பிறப்புச் சான்றுகளில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என மூன்று பதிவுகள் இருக்கக்கூடும். குடும்பமோ ஊரைவிட்டு நகர்ந்திராது. திருத்தணியின் வரலாறு இன்னும் சிக்கலானது. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் அங்கே பிறந்தபோது அது வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்துக்குப் போயிற்று. எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் குழுவின் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிற்று. 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியதாயிற்று. தெலுங்குக் குடும்பங்களிடம் இண்டி பேரு எனப்படும் வீட்டுப் பெயர் வழிவழியாக வருவதால் சர்வபள்ளி என்ற நெல்லூர் மாவட்டத்து ஊர்ப் பெயர் அந்தக் குடும்பத்தோடு அழியாமல் வந்தது. அதே தெருவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு அத்தகைய காப்பு இல்லை.

எல்லைகளைவிட எழுத்துக்கூட்டல் செய்த குழப்பம் பெரிது. செங்கல்பட்டு ‘சிங்கில்புட்’ ஆகவும், காஞ்சிபுரம் ‘காஞ்சீவரம்’ ஆகவும், சதுரங்கப்பட்டினம் ‘சத்ராஸ்’ ஆகவும், கோவளம் ‘கவ்லாங்’ ஆகவும் ஆங்கில ஏடுகளில் நிலைத்தன. மாமல்லபுரத்துக்கு மகாபலிபுரம் என்றும், மாலுமிகள் இட்ட ஏழு கோயில் என்றும் வேறு பெயர்கள் இருந்தன. திருக்கழுக்குன்றத்தைப் பட்சிதீர்த்தம் என்று எழுதியவர்கள் உண்டு. பெயருக்கு முன் வரும் ஒற்றை எழுத்தான முன்னெழுத்து இக்குழப்பத்தை அப்படியே உறையச் செய்துவிட்டது. சி. என். அண்ணாதுரை என்ற பெயரின் ‘சி’ காஞ்சிபுரத்தைக் குறிக்கிறது. அந்த எழுத்து ‘காஞ்சீவரம்’ என்ற காலனிக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலின் முதலெழுத்து. பழைய எழுத்துக்கூட்டலை அறியாத ஒருவர் அதனைச் சிதம்பரம் என்றோ சென்னை என்றோ விரித்துக்கொண்டால் அவரைக் குறைகூற முடியாது. தமிழில் கா. ந. அண்ணாதுரை என்று எழுதும் வழக்கமும் இருந்தமையால் இவர் விஷயத்தில் ஐயம் எழவில்லை. புகழ்பெறாத ஆயிரக்கணக்கானோர் பெயரில் அந்த ஒற்றை எழுத்து இன்று விடைதெரியாப் புதிராகவே நிற்கிறது. 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றி வெளியிட்ட ஆணை, புதிய எழுத்துக்கூட்டல்களே பலவகை எதிர்ப்பைக் கிளப்பியதால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயரைத் திருத்துவது எளிதென்று எண்ணுவோர் நினைவில் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

இக்கடற்கரையிலேயே இன்னொரு பெயர் வழக்கமும் கல்லில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய செங்கற்கோட்டைக்குள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைகள் உள்ளன. அவற்றின் பலகைகளில் இறந்தவரின் பெயரும் குடும்பப் பெயரும் டச்சு மொழியில் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, பின்னர்த் திருப்பித் தந்து, மறுபடியும் பிடித்து, இறுதியாக 1824ஆம் ஆண்டின் ஆங்கில–டச்சு உடன்படிக்கைப்படி 1825இல் தமதாக்கிக்கொண்ட அவ்வூரில், வணிகம் செய்ய வந்து மாண்ட அயலாரின் வமிசத்தை இன்றும் ஒருவர் படித்தறியலாம். அவர்களுக்குத் துணி நெய்து கொடுத்தவர்களுக்கு அத்தகைய கல் ஏதும் நடப்படவில்லை.

சாமானியரின் பெயரும் தந்தை பெயரும் ஊரும் ஒரே வரியில் எழுதப்பட்ட ஏடு வேறொன்று. தோட்டங்களில் குறித்த ஆண்டுகள் உழைப்பதாகக் கைநாட்டிட்டுச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் கப்பற்பட்டியலே அது. மொரீஷியசுக்கு 1834 முதலும், தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 1860 முதலும் இத்தகையோர் அனுப்பப்பட்டனர். சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911இல் இந்திய அரசு இம்முறையை நிறுத்தியது வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு, அதனெதிரே பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலிலுள்ள அங்க அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. ஜில்லா என்றது மாவட்டத்தை. தாணா என்ற சொல் வட இந்தியாவில் காவல்நிலைய எல்லையைக் குறித்தாலும் சென்னைப் பட்டியல்களில் அந்தக் கட்டத்தில் தாலுகாவின் பெயரே இடம்பெற்றது. நெற்றித் தழும்பும் இடக்காலின் சூட்டுக்காயமும் கூடப் பதிவான அந்த ஏட்டில் பெயர் மட்டும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது.

இவ்வாறு எழுதப்பட்ட பெயர், ஆள் வாழப்போன நாட்டின் சட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்பக் குடும்பப் பெயராக உறைந்தது. முத்துசாமி என்ற ஒரே பெயர் ஆங்கில ஆட்சியில் ஒருவகையாகவும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ரெயூனியன், குவாதலூப் தீவுகளில் ‘முத்துஸ்ஸாமி’ என ஒலிக்கும் வேறுவகையாகவும் எழுதப்பட்டு, இரண்டும் தொடர்பற்ற இரு குடும்பங்களின் பெயர்போலத் தோன்றுகின்றன. பிரெஞ்சு நாடுகளில் அரசின் குடிப்பதிவேடு கடுமையானது. வந்திறங்கியவரின் இட்ட பெயரே அவருடைய பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மாற்றவியலாத குடும்பப் பெயர் ஆயிற்று. குவாதலூப்பில் இந்திய வமிசத்தாருக்குக் குடியுரிமை வேண்டி 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்ற ஆன்றி சிதாம்பரோம் என்பவரின் குடும்பப் பெயர், சிதம்பரம் என்ற பெயரின் பிரெஞ்சு வடிவமே. புதுச்சேரியில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நடந்தது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்திய உரிமையியல் வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது; வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ என்ற பெயரை ஏற்றார். செங்கல்பட்டுச் சீமையின் தென்கோடியிலுள்ள அலம்பரைக் கோட்டைக்குத் தெற்கே சிறிது தொலைவில் வேறொரு பெயர்ச் சட்டம் ஆண்டது என்பதை, அப்பகுதிக் குடும்பங்களை ஆராய்பவர் மறக்கலாகாது.

நட்டாலில் இட்ட பெயரைவிடப் பட்டமே மிகுதியாகக் குடும்பப் பெயர் ஆயிற்று. முதலியார் ‘மூட்லி’ ஆனார். நாயக்கர், பிள்ளை, செட்டி, ரெட்டி, படையாச்சி ஆகியவை ஆங்கில எழுத்தில் இன்றுவரை டர்பனின் பள்ளி வருகைப் பதிவேடுகளை நிறைத்திருக்கின்றன. ஆயினும் இப்பட்டங்களைக் கொண்டு சாதியைத் தீர்மானிக்க முற்படுவது பெரும்பிழையில் முடியும். பதிவின்போது பட்டமில்லாதவர்கள் மதிப்புள்ள பட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது உண்டு. கடல் கடந்த இடத்தில் அதை மறுத்துரைக்க ஊர்ச் சபை ஏதும் இல்லை. அவர்கள் செய்ததை ஏமாற்று என்று எழுதுவது நியாயமாகாது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கையைப் படிப்போர், இம்மாவட்டத்துப் பறையர் குடும்பங்கள் நிலமின்றி, பலவிடத்துக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமின்றிப் பண்ணையாட்களாக இருந்த நிலையை அறிவர். 1892இல் அரசு பிறப்பித்த ஆணைப்படி அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலமே பஞ்சமி நிலம் எனப்படுகிறது. மிராசு, அதாவது பரம்பரை நிலவுரிமை, இல்லாதவர் பெயர் ஊர்க் கணக்கில் ஏறுவதற்கு வாய்ப்பு அரிது. ஆகவே அத்தகைய பல குடும்பங்களுக்குத் தம் முன்னோர் ஒருவரின் பெயரையும் அவர் தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்துக் காட்டும் முதல் எழுத்துச் சான்று, அவரை நாட்டைவிட்டு அனுப்பிய கப்பற்பட்டியலே ஆகும்.

தாயகத்தில் பட்டத்தின் வரலாறு எதிர்வழியில் சென்றது. அதன் திருப்பமும் செங்கல்பட்டிலேயே நிகழ்ந்தது. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் அந்நகரில் கூடியது. பெண்களுக்குச் சொத்துரிமை முதலானவற்றோடு, பெயருக்குப் பின் வரும் சாதிப் பட்டங்களை மக்கள் விட்டுவிட வேண்டும் என்ற தீர்மானமும் அங்கே நிறைவேறியது. ஈ. வெ. ராமசாமி 1927 இறுதியிலேயே குடிஅரசு இதழில் தம் பெயரிலிருந்து நாயக்கர் என்ற பட்டத்தை நீக்கியிருந்தார். அடுத்த அரை நூற்றாண்டில் பட்டமின்றிப் பெயரெழுதுவது தமிழ்நாட்டின் பொது வழக்கமாகவே ஆயிற்று. இதன் சமூகப் பயனை ஐயுறுவதற்கு இடமில்லை. பெயரைக் கேட்ட அளவில் சாதியை அறிந்து ஆளை எடைபோடும் வழக்கத்துக்கு இந்தியாவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தகைய தடை விழவில்லை. ஆனால் குடும்ப வரலாற்றை ஆராய்பவர் இதன் விளைவு ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: செங்கல்பட்டு மாநாடு கைவிடச் சொன்ன அதே பட்டம், அதே காலத்தில் டர்பனில் பிறப்புச் சான்றிதழிலும் சொத்துப் பத்திரத்திலும் சட்டப்படி நிலைபெற்றுக்கொண்டிருந்தது. இன்று நாயக்கர் என்ற குடும்பப் பெயரோடு மதுராந்தகம் வந்து உறவைத் தேடும் ஒருவர், வாக்காளர் பட்டியலில் அப்பெயரை எங்கும் காண மாட்டார். அவர் உறவினர் அதே பட்டியலில், தந்தையின் ஒற்றை முன்னெழுத்தோடு இருக்கக்கூடும்.

கடல் கடந்தவரிடம் பட்டமோ பாட்டன் பெயரோ தங்கியிருக்க, ஊர் மறந்துபோயிற்று; இங்கிருப்பவரிடம் ஊர் நினைவிலிருக்க, பட்டமும் கொள்ளுப்பாட்டன் பெயரும் மறைந்தன. இவ்விரு பாதிகளையும் பொருத்தக்கூடிய ஆவணங்கள் நட்டால் பட்டியல்களின் படிகளை வைத்திருக்கும் டர்பன் ஆவணக் காப்பகத்திலும், மொரீஷியசின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் உள்ளன. பிந்தியதில் 1860களுக்குப் பின் வந்தோர் பலரின் புகைப்படங்களும் உண்டு. இவற்றைப் பயன்படுத்துவோர் வழக்கமாக இடறும் இடங்கள் சில. ‘மலபார்’ என்ற சொல் அக்காலப் பதிவேடுகளில் தமிழரையே குறித்தது. ரெயூனியனில் இன்றும் தமிழ் வமிசத்தார் ‘மல்பார்’ எனப்படுகின்றனர். அதைக் கண்டு கேரளத்தில் தேடப் புறப்படுவது வீண். சென்னை, புதுச்சேரி என்ற பதிவு பெரும்பாலும் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தைக் காட்டுமேயன்றிப் பிறந்த ஊரைக் காட்டாது. புதுப்பாக்கம், புதூர் போன்ற பெயர்கள் பல தாலுகாக்களில் திரும்பத் திரும்ப வருவதால், கிராமக் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு ஊரைக் கண்டுகொண்டதாகக் கருதக்கூடாது. தாணாக் கட்டத்தையும் அங்க அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘சிங்கில்புட் ஜில்லா’ என்ற பதிவு இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தோடு காஞ்சிபுரம், திருத்தணிப் பகுதி நீங்கலான திருவள்ளூர் மாவட்டங்களையும் சென்னையின் புறநகர்ப் பகுதிகளையும் உள்ளடக்கியது. ஆங்கில எழுத்துக்கூட்டலை வாய்விட்டு உரக்கப் படித்துப் பார்ப்பதே பல வேளைகளில் ஊரைக் கண்டறியும் வழியாகும். அதனை எழுதியவரும் கேட்டுத்தான் எழுதினார். பெண்வழித் தேடல் இன்னும் கடினம். திருமணத்துக்குப் பின் தந்தையின் முன்னெழுத்து போய்க் கணவனின் முன்னெழுத்து வருவதால், தாயின் பிறந்த ஊர் இரண்டு தலைமுறைக்குள் ஏடுகளிலிருந்து மறைந்துவிடுகிறது.

2021இல் தமிழ்நாடு அரசு பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுத வலியுறுத்தி ஆணையிட்டது. இதனால் பழைய ‘சி’ இனி ‘செ’ ஆகவோ ‘கா’ ஆகவோ மாறலாம். ஆனால் ஊரின் முன்னெழுத்தை எழுதும் வழக்கமே இளந்தலைமுறையிடம் அருகிவிட்டது. இன்றைய சான்றிதழ்களில் பெரும்பாலும் தந்தையின் ஓரெழுத்து மட்டுமே எஞ்சியிருக்கிறது. வீட்டில் முதியோர் இருக்கும்போதே, பெயருக்கு முன்னிருந்த எழுத்துகளின் முழு விரிவையும், பாட்டிமாரின் பிறந்த ஊர்களையும், அவ்வூர்கள் அன்று இருந்த தாலுகா, மாவட்டப் பெயர்களோடு தமிழில் எழுதி வைப்பது ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்யத்தக்க பணியாகும்.